துணிப்பைக்குள் பூத்தவை

அக்கா இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்ததை, சும்மா நாலு நாள் இருந்துவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்றுதான் அம்மா முதலில் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள். நாலு நாள் நீண்டுகொண்டே போனதும், அவளுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு கட்டத்தில் வெளியார் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா அந்தக் கேள்விகளை எல்லாம் அக்காவிடமே கேட்க ஆரம்பித்தாள்.

அத்தானைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அக்காவும் சொன்னதில்லை. குடி கிடையாது, கை நீட்டியதும் கிடையாது. அவருடைய அம்மா படுத்த படுக்கையாகி வருஷக்கணக்காகிறது. அந்த அம்மாவைத் துடைத்துவிடுவது, திருப்பிப் படுக்கவைப்பது, துணி அலசுவது எல்லாம் அக்காதான். அத்தான் வேலையிலிருந்து வந்ததும் தட்டின் முன்னால் உட்காருவார். சாப்பிட்டதும் எழுந்து போய்விடுவார். "அந்த வீட்ல நான் ஒரு சுவிட்ச் மாதிரிடா. தேவைன்னா இருட்டுலகூட கை தானா வந்து தட்டும். மத்தபடி அங்க ஒண்ணு இருக்குன்னு யாருக்கும் தெரியாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். இதை நான் அம்மாவிடம் சொன்னது சரியா என்று தெரியவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான், சில வீட்டில் தட்டினாலும் எரியாத சுவிட்ச் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்துக்கொண்டே. எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போடுவது அப்பாவின் வேலை. பேச்சையும் அப்படித்தான் நிறுத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் இறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைக்கும் செய்தித்தாளை ஒரு பக்கம் புரட்டினார், அவ்வளவுதான்.

எங்கள் சமையலறைச் சுவருக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டு மண் இருக்கிறது. வெயில் நன்றாக விழும் இடம். அங்கே அக்கா கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஹாலிஹாக் வளர்த்துவந்தாள். அதற்குச் சீமைத்துத்தி என்று ஒரு தமிழ்ப் பெயர் இருப்பதாக அகராதியில் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆளைவிட உயரமாகக் கம்பு போல நிமிர்ந்து நிற்கும் செடி. முதல் வருஷம் தரையோடு இலை மட்டும். மறு வருஷம்தான் தண்டு எழும்பி, கீழிருந்து மேலாக ஒவ்வொரு பூவாகத் திறக்கும். அக்காவின் பூ கறுப்பு. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால்தான் உள்ளே சிவப்பு இருப்பது தெரியும். பார்த்தவர்கள் எல்லாரும் ஒரு நிமிஷமாவது நிற்பார்கள்.

ஆனால் அதற்குத் துரு நோய் வரும். இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, கீழ் இலைகள் எல்லாம் கருகி உதிர்ந்துவிடும். மேலே பூ ஜோராக இருக்க, கீழே வெறும் தண்டு. இடுப்புத் துணி நழுவினது தெரியாமல் மேடையில் பேசிக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி என்று அப்பா ஒருமுறை சொன்னார். அப்பா சொல்லி நாங்கள் சிரித்த நகைச்சுவை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

பஸ் போய்த் திரும்பும் கடைசி நிறுத்தத்தில் ஒரு நர்சரி இருக்கிறது. அதன் சொந்தக்காரர் எப்போதும் தொப்பியோடு இருப்பதால் எங்கள் வீட்டில் அவருக்குத் தொப்பி என்றே பெயர். அவரிடம் மஞ்சள் பூ பூக்கும் வேறு ஒரு ஹாலிஹாக் இருந்தது. அதன் இலை வட்டமாக இல்லாமல், விரல்களை விரித்த கை போல ஆழமாகப் பிளந்திருக்கும். துரு அதை ஒன்றும் செய்யாது. அக்கா ஒரு கறுப்புப் பூவை ஈரத் துணியில் சுற்றி எடுத்துப்போய் அவருக்குக் காட்டினாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார் என்று அக்கா வந்து சொன்னாள். இந்தப் பூவை அந்த இலையின் மேல் உட்காரவைத்துக் காட்டினால், விதைக் கொட்டகையை அவளிடம் விட்டுவிட்டு மாதச் சம்பளமும் போடுகிறேன், கலப்பு பண்ணத் தெரிந்த ஆள் எனக்கு வேண்டும் என்றாராம்.

அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. "பூ வந்து புருஷனாகுமாடி?" என்றாள்.

"வேண்டாம்மா. பூ பூவா இருந்தாப் போதும்."

வாக்குவாதம் நடந்தது. எல்லாவற்றையும் இங்கே எழுதவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கலந்த செடி அடுத்த கோடையில் பூக்கும்வரை அக்காவை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பூத்து, தொப்பி வேலை கொடுத்தால் அவள் இங்கேயே இருக்கலாம், அல்லது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இல்லையென்றால் அத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அப்பா தலையாட்டினார். நான் சாட்சி.

நான் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். பாதியில் விட்ட படிப்பை முடிக்க மாலை வகுப்புக்குப் போகிறேன். அதில் உயிரியலும் உண்டு. அதனால் அக்கா பூக்களைக் கலந்தபோது கூடவே நின்று கவனமாகப் பார்த்தேன். கவனமாகப் பார்த்தும் தெரிய வேண்டியது தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பூவின் நடுவில் ஒரு தூண் இருக்கிறது. முதலில் அதன் மேல் மகரந்தம் பொடியாகப் பூத்து நிற்கும். அது ஆணின் முறை. அது முடிந்த பிறகுதான் தூணின் உச்சியிலிருந்து மெல்லிய இழைகள் வெளியே வரும். அவை பெண். தொப்பி, மொட்டாக இருக்கும்போதே பிரித்து மகரந்தப் பைகளைக் கத்தரித்துவிடச் சொல்லியிருந்தார். அக்கா நகம் வெட்டும் கத்தரிக்கோலால் முயன்றாள். தூணும் சேர்ந்து வெட்டுப்பட்டு அந்தப் பூக்கள் எல்லாம் வாடி விழுந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டியும் அதே கதிதான். அதனால் வேறு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆணுக்கு ஒரு நேரம், பெண்ணுக்கு ஒரு நேரம் என்று செடியே பிரித்து வைத்திருக்கும்போது நாம் ஏன் வெட்ட வேண்டும் என்றாள். பழைய கொசுவலையில் குட்டிக் குட்டிப் பைகள் தைத்து, தேனீ நுழையாதபடி மொட்டிலேயே கட்டிவிட்டாள். பூ விரிந்ததும் சொந்த மகரந்தத்தைத் தூரிகையால் தட்டிவிட்டாள். இழைகள் வெளியே வந்ததும், நர்சரியிலிருந்து காகிதப் பொட்டலத்தில் பஸ்ஸில் கொண்டுவந்த மஞ்சள் பூவின் மகரந்தத்தைத் தடவி, மறுபடி பையைக் கட்டி, சிவப்பு நூல் முடிந்துவைத்தாள்.

எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது. அப்போது என்னைக் கேட்டிருந்தால், வெட்டவே கூடாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

விதைகள் நிறையவே பிடித்தன. சின்ன வட்டத் தட்டில் காசுகளை வரிசையாகச் செருகினது போல விதைகள். அக்கா அவற்றைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கிக் காட்டினாள். கோடை முடிவதற்குள் விதைத்தோம். முளைத்து, இலை விரிந்து, குளிர் வருவதற்கு முன் மதிலோரம் ஒரு வரிசையாகத் தரையைப் பிடித்துக்கொண்டன.

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் அமைதியான காலம். கேட்கக் கூடாது என்று முடிவானதால் அம்மா கேட்கவில்லை. வாய் வரை வந்ததை மென்று விழுங்கிக்கொண்டு, "செடிக்குத் தண்ணி விட்டியா?" என்று மட்டும் கேட்பாள். அத்தான் ஃபோன் செய்தால் அப்பாவே எடுத்து, கோடையில் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிடுவார். அக்கா காலையில் செடிகளைச் சுற்றி மண்ணைக் கிளறிவிடுவாள். பிறகு வெயில் படும் படியில் உட்கார்ந்து காபி குடிப்பாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. என் சட்டைப் பொத்தான்களை அவளாகவே தைத்துக்கொடுத்தாள். கடையில் ஒரு கிழவர் கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு பவர் சரியில்லை என்று சண்டை போட்டதை நான் நடித்துக் காட்டியபோது மூச்சு முட்டச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இலைகள் வட்டமாகவே இருந்தன. கலந்த செடியென்றால் இலை இரண்டுக்கும் நடுவாக, கொஞ்சமாவது பிளந்திருக்க வேண்டாமா என்று அக்காவிடம் கேட்டேன். இரண்டாம் வருஷ இலையில்தான் தெரியும், சின்ன இலை எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்றாள். மாலை வகுப்பு டீச்சரிடமும் கேட்டேன். அவர், சில பண்புகள் தாமதமாகத் தெரியலாம், ஆனால் நான் செடியைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கோடை வந்தது. தண்டுகள் எழும்பின. இலைகள் பெரிதாயின, வட்டமாகவே. முதல் பூ திறந்த காலை அம்மாவே வெளியே வந்து பார்த்தாள். கறுப்புதான், நல்ல ஆழமான கறுப்பு. "பரவால்லடி, கண்ணு பட்டுரும்போல இருக்கு" என்றாள். அக்கா பழக்கத்தில் புதுப் பூக்கள் சிலவற்றுக்கும் கொசுவலைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே நான் கீழ் இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஆரஞ்சுக் கொப்புளங்கள். ஒரு செடி விடாமல் எல்லாவற்றிலும்.  மறுநாள் கடையிலிருந்து பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. ஏதாவது ஒரு செடியில் ஏதாவது ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்று நினைத்திருப்பேன். இலைகளைப் பார்த்து முடித்து, ஒரு பையை அவிழ்த்து வாடப்போகும் பூ ஒன்றையும் பார்த்தேன்.

பெண் இழைகள் மேலே நிமிர்ந்து நிற்கவில்லை. ஒவ்வொன்றும் நுனியில் வளைந்து, பின்பக்கமாகத் திரும்பி, கீழே தூணில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்ச மகரந்தத்துக்குள் போய்ப் படுத்திருந்தன. பக்கத்துப் பையை அவிழ்த்தேன். அதிலும் அப்படியே. வெளியிலிருந்து யாரும் வராவிட்டால் கடைசியில் பூ தன்னைத் தானே தொட்டுக்கொள்கிறது. போன வருஷம் நாங்கள் தடவிய மஞ்சள் மகரந்தம் பஸ் சூட்டிலேயே செத்திருக்கலாம். தூரிகையால் தட்டியும் போகாமல் தூணில் தங்கிய சொந்த மகரந்தம் உயிரோடு இருந்தது. தேனீ வராமல் காவல் காத்ததுதான் நாங்கள் செய்த வேலை. வரிசையில் நின்றவை எல்லாம் அம்மாச் செடியின் பிள்ளைகள், அப்பன் இல்லாமல் பிறந்தவை.

அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டி, பார்க்கச் சொன்னேன். அவள் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"நாலாவது இலை வந்தப்பவே தெரியும். அந்தச் செடியோட இலை எனக்குத் தெரியாதா? விதையிலேர்ந்து எத்தனை தடவை வளத்திருக்கேன்."

குளிர் வருவதற்கு முன்பே. அப்படியானால் இத்தனை நாள் மண்ணைக் கிளறியது, உரம் போட்டது, இரண்டாம் வருஷ இலையில் தெரியும் என்று என்னிடம் சொன்னது? நான் அதைக் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். அவள் ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருக்கணும். சொல்லல. ஒரு குளிர்காலம் பூரா என்னை யாரும் ஒண்ணும் கேக்கல. அது எனக்கு வேணும்னு இருந்துச்சு."

மறுபடி கலக்கலாம், இந்தத் தடவை வெட்டியே செய்யலாம், என் கடையில் மெல்லிய இடுக்கி இருக்கிறது, நான் லென்ஸ் வைத்துப் பார்த்து வெட்டித் தருகிறேன் என்று அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மறுபடி விதை, மறுபடி ஒரு குளிர்காலம், மறுபடி ஒரு கோடை. அதற்கு அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பது எனக்கும் தெரிந்ததுதான். அப்பாவிடம் நான் பேசுகிறேன் என்றேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது.

அப்பாவிடம் பேச வாய்ப்பு வரவில்லை. அதற்குள் அப்பா ஒரு காரியம் செய்துவிட்டார். பூ கறுப்பாக வந்துவிட்டது என்று அம்மா சொன்னதைக் கேட்டு, யாரிடமும் சொல்லாமல் கடைசி நிறுத்தம்வரை பஸ்ஸில் போய், தொப்பியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வாழ்நாளில் அப்பா தானாகப் போய் யாரையும் கூட்டிவந்து நான் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "வாங்க, வாங்க, பின்னால இருக்கு, பாருங்க நம்ம பொண்ணு பண்ணினதை" என்று வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

தொப்பி பூவைப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து ஒரு கீழ் இலையைத் திருப்பினார். பிறகு அடுத்த செடி. வரிசையில் பாதி தூரம் போய் நிமிர்ந்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஆரஞ்சுப் பொடி துணியில் ஒரு கோடாக ஒட்டியது.

"மொட்டுல வெட்டலையாம்மா?"

"வெட்டல."

"ம். நானும் முதல் தடவை வெட்டல" என்றார். அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பூ கறுப்பாகத்தானே இருக்கிறது, நல்ல கறுப்பு, இவ்வளவு கறுப்பு எங்கே கிடைக்கும் என்று அவரிடம் மறுபடி மறுபடி கேட்டார். தொப்பி பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது அந்தப் பழைய செடியேதான்; கலப்பு இல்லை. நான் தப்பாக நினைக்கவில்லை, ஆனால் கொட்டகைக்குப் போன மாதமே வேறு ஆளைப் போட்டுவிட்டேன்; இவர் வந்து இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டபோது சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் வந்தேன் என்றார். அக்கா சரி என்றாள். அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்பினார். அப்பா அவரை பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டு வந்தார். திரும்பி வந்ததும் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்துவைத்தார்.

கலந்திருந்தாலும் வேலை இருந்திருக்காது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னால் அதைத் தாங்க முடிந்ததா, அக்காவால் முடிந்ததா என்று தெரியாது. அம்மாதான் அன்று என்னை ஆச்சரியப்படுத்தினாள். ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. கிளம்பு என்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனால்தான் என்ன என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தாள்.

"எதுக்கும்மா? அப்புறம் நீ மறுபடி கேக்க ஆரம்பிப்ப. நானும் பதில் சொல்லணும்" என்றாள் அக்கா.

அவளே ஃபோனை எடுத்து அத்தானுக்குப் பேசினாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அத்தைக்கு முதுகில் புண் எந்தப் பக்கம், டாக்டர் மருந்தை மாற்றினாரா, ரப்பர் விரிப்பு இருக்கிறதா, வாங்கி வர வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டாள். பதில்களை ம், ம் என்று வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை வர்றேன் என்று வைத்துவிட்டாள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன், வகுப்புக்கு நேரமாகியிருந்தது. போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும், அந்தச் செடிகளை எல்லாம் பிடுங்கிவிடு, இலையைக் குப்பைக் குழியில் போடாதே, எரித்துவிடு, துரு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் என்று சொன்னாள். பஸ் கிளம்பும் வரைக்கும் துருவைப் பற்றியே பேசினாள்.

நான் உடனே பிடுங்கவில்லை. முதலில் எல்லாச் செடிகளையும் முறையாக, வரிசையின் தொடக்கத்திலிருந்து, பூதக்கண்ணாடியோடு பார்த்தேன். ஒன்றே ஒன்றாவது உண்மையிலேயே கலந்திருக்கலாம் அல்லவா. ஒரு பொட்டலத்தில் கொஞ்சமாவது மகரந்தம் உயிரோடு வந்திருக்கலாம். ஒரு விதையாவது அதில் பிடித்திருக்கலாம். வகுப்பில் டீச்சர் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்றுதான் சொன்னார், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு இலையையும் விரித்துப் பார்த்தேன். அடிப்பக்கத்தைத் திருப்பினேன். அவசரத்தில் எதையாவது விட்டிருப்பேன் என்று சந்தேகம் வந்து, அடுத்த விடுமுறையில் மறுபடி தொடக்கத்திலிருந்து பார்த்தேன். எல்லாம் வட்ட இலை. எல்லாவற்றிலும் துரு.

பிறகு பிடுங்கினேன். வேர் கிழங்கு போல நேராகக் கீழே இறங்கியிருந்தது. இழுத்தால் பாதியில் முறிந்தது. அம்மா படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகளைக் குவித்து எரித்தேன். ஈர இலை என்பதால் புகைதான் அதிகம் வந்தது.

அன்று சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நான் ஆரம்பிப்பதற்கு முன்பே அவள் கேட்டாள்.

"பாத்தியா? எதுலயாவது இருந்துச்சா?"

நான் பார்ப்பேன் என்று அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று யோசித்தேன். அதைவிட, அவள் கேட்டதுதான் எனக்கு என்னவோ செய்தது. நாலாவது இலையிலேயே தெரிந்தவள் இப்போது ஏன் கேட்கிறாள். இருக்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நாளைக்கு அவள் அந்த நம்பிக்கையை எங்கே வைத்துக்கொள்வாள்?

"இல்லக்கா. எல்லாம் ஒண்ணுதான்."

"சரி. வைடா. அத்தையைத் திருப்பிப் போடணும்" என்றாள்.